தோபாசியும் துபாசியும்: நாகர் மலைகளில் ஒரு வழித்தட மொழியின் வரலாறு

0. முன்னுரை

சமவெளியில் பேச்சு வழக்கு ஊருக்கு ஊர் சிறிது சிறிதாக மாறிச் செல்வது இயல்பு. வடகிழக்கு இந்தியாவின் நாகர் மலைகளில் நிலை வேறு. அங்கு ஊர்கள் பாதுகாப்புக் கருதி மலைமுகடுகளில் அமைந்தன. எதிர்முகட்டிலுள்ள ஊர் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அங்குச் செல்லப் பள்ளத்தாக்கில் இறங்கி மீண்டும் ஏற வேண்டும். தலைகொய்யும் வழக்கம் நிலவிய காலத்தில் அப்பயணம் உயிர்க்கும் இடராயிற்று. அங்காமி, ஆவ், சுமி, லோத்தா முதலிய திபெத்தோ-பர்மிய மொழிகள் ஓர் இனத்தார்க்கு மற்றோர் இனத்தார் பேச்சு விளங்காத அளவிற்கு வேறுபட்டன. இந்நிலப்பகுதியில் பொதுமொழி தோன்றிய வகையையும் அதனைத் தாங்கிய மொழிபெயர்ப்பாளரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இறங்குவழியும் கடகியும்

1228இல் பட்காய் மலையைக் கடந்து வந்த சுகாபா பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் அகோம் அரசை நிறுவினார். நாகர் பருத்தி முதலிய மலைவிளைபொருள்களுடன் சமவெளிச் சந்தைகளுக்கு இறங்கினர். உப்பு முதலியவற்றுடன் ஏறினர். அகோம் அரசர் சில நாகர் குழுக்களுக்குச் சமவெளியில் 'காட்' எனப்படும் நிலங்களை வழங்கினர். அவர்களுக்கும் அரசிற்கும் இடையே தூதராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் நின்ற அசாமியர் 'கடகி' எனப்பட்டனர்.

வணிக வழிகள் முகட்டிலிருந்து முகட்டிற்குச் செல்லாது அடிவாரம் நோக்கி இறங்கின என்பது கருதத்தக்கது. எனவே, இரு வேறு நாகர் இனத்தார்க்கும் பொதுவாகக் கிட்டியது அவ்விருவர் மொழியும் அன்று. சந்தையில் கேட்ட அசாமிய மொழியே. அதுவே பின்னர் 'நாகமீஸ்' ஆயிற்று.

2. மொழியமைப்பு

அசாமிய வினை, தமிழ் வினைபோன்று இடத்திற்கேற்ப விகுதி மாறும். நாகமீஸில் 'மொஇ ஜாஇ ஆசே' (நான் போகிறேன்), 'தாஇ ஜாஇ ஆசே' (அவன்/அவள் போகிறான்/போகிறாள்) என வினை மாறாது நிற்கும். அசாமியத்தில் பன்மை விகுதிகள் பல. இங்குக் 'கான்' என்ற ஒன்றே போதுமானதாகிறது. அசாமியத்தில் 'அவள்' எனப் பொருள்படும் 'தாஇ', நாகமீஸில் ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது.

3. தோபாசி

1866இல் நாகர் மலை மாவட்டம் அமைக்கப்பட்டது; 1878இல் அதன் தலைமையிடம் கோகிமாவிற்கு மாறியது. ஆங்கில ஆட்சியர் உள்ளூர் மொழிபெயர்ப்பாளரைத் 'தோபாசி' என நியமித்தனர். இச்சொல்லும் தமிழகக் கடற்கரையில் வழங்கிய 'துபாசி'யும் 'இருமொழியாளர்' என்னும் ஒரே பொருளின. டூப்ளேயின் துபாசியான ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761) வணிகர், அரசியல் செய்தியறிந்தவர். துபாசிப் பதவி வணிக நிறுவனங்களோடு மறைந்தது. தோபாசியோ வழக்காற்றுச் சட்டம் அறிந்த நடுவராக உயர்ந்தார். நாகாலாந்தில் தோபாசி நீதிமன்றங்கள் இன்றும் இயங்குகின்றன. 1962இல் இயற்றப்பட்ட 13ஆம் திருத்தத்தின்வழி அரசியலமைப்பில் சேர்ந்த 371அ பிரிவு நாகர் வழக்காற்றுச் சட்டத்திற்குக் காப்பளிக்கிறது.

4. மதிப்பும் மறுப்பும்

1921இல் நாகர் இனங்கள் பற்றி நூல்கள் வெளியிட்ட ஜே. எச். ஹட்டன், மலைகளில் வழங்கும் அசாமியம் நாகர் மரபுத்தொடர்களைப் பெயர்க்க ஏற்றதெனக் கருதினார். 1963இல் நாகாலாந்து மாநிலமாயிற்று. 1967இல் ஆங்கிலம் ஆட்சிமொழியாயிற்று. மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1974இல் வெளியிட்ட எம். வி. ஸ்ரீதரின் ஆய்வு நாகமீஸை முறையாக ஆராய்ந்தது. எனினும், சந்தையிலும் பேருந்திலும் ஒலிக்கும் இம்மொழியை 'உடைந்த அசாமியம்' என இகழ்வார் உளர். இனமொழிகளை இது விழுங்கிவிடும் என்னும் அச்சமும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஏனெனில், திமாப்பூர்ப் பகுதியில் சிலர்க்கு இது தாய்மொழியாகவே அமைந்துவிட்டது.

5. முடிவுரை

இகழ்ச்சியின் விளைவு மொழிபெயர்ப்பில் வெளிப்படும். சாட்சி 'தாஇ' என்று கூறுவதை ஆங்கிலத்தில் பதிவு செய்வோர் 'அவன்' அல்லது 'அவள்' என ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். சூழல் தெளிவாக இல்லையெனில், சாட்சி கூறாத செய்தி ஏட்டில் ஏறிவிடும். நாகமீஸை உடைந்த மொழி என்று கொள்வோர் 'தாஇ'யை அசாமியப் பொருளிலேயே கொண்டு பிழைபடவும் கூடும். அதனைத் தனி இலக்கணமுடைய மொழியாகக் கொள்வோரே 'யாரைக் கருதினீர்?' என மீண்டும் வினவுவர். இன்றைய தோபாசிக்கும் பதிவாளர்க்கும் நாகமீஸ் இலக்கணப் பயிற்சி வேண்டும் என்பதற்கு இவ்வொரு சொல்லே தக்க சான்றாகும்.