சேமிப்புத் தொகுதி அளவும் தரவுத்தள வேகமும்

தரவுத்தளம் வட்டிலிருந்து ஒரே தடவையில் படிக்கும் அல்லது எழுதும் மிகச் சிறிய கூறு தொகுதி எனப்படும். பிளாக், பேஜ் என்பன வழக்கிலுள்ள பெயர்கள். தேவைப்படுவது 100 பைட்டுதான் என்றாலும் முழுத் தொகுதியும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சேர்வர் ஆகியவற்றில் இது 8 கிலோபைட். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியில் இயல்பாக 16 கிலோபைட்.

இந்த அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 2004 டிசம்பர் 26 சுனாமி கல்முனைக்குடி உள்ளிட்ட கரையோர ஊர்களை அழித்த பிறகு, இலங்கையின் தன்னார்வ மென்பொருளாளர்கள் 'சஹானா' என்ற நிவாரண மென்பொருளை மைஎஸ்கியூஎல் மீது கட்டினர். காணாமற்போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் எல்லாம் அதன் பதிவுகள். இத்தகைய தளத்தில் இருவகை வேலை நடக்கிறது. ஒருவரின் பெயரைத் தேடினால் ஒரு பதிவு போதும். முகாம்வாரியாக ஆட்களை எண்ணினால் அட்டவணை முழுவதையும் வாசிக்க வேண்டும். முதல் வேலைக்குச் சிறிய தொகுதி, இரண்டாவதற்குப் பெரியது பொருந்தும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவைத்தான் தெரிவுசெய்ய முடியும் என்பதே சிக்கல்.

பழைய சுழல் வட்டில் பெரிய தொகுதிக்கு நியாயம் இருந்தது. நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுழலும் வட்டில், வாசிப்புத் தலை நகரும் நேரத்தை விட்டுவிட்டாலும், தேவையான இடம் வந்து சேரச் சராசரியாக 4.17 மில்லிசெக்கன் ஆகும். அவ்வளவு காத்திருந்தபின் 4 கிலோபைட்டை எடுத்தாலென்ன, 16ஐ எடுத்தாலென்ன! எஸ்எஸ்டியில் இந்தச் சுழற்சிக் காத்திருப்பு இல்லை. அங்கே வேண்டாத பைட்டுகளே சுமை. நினைவகக் கணக்கும் உண்டு: 1 கிகாபைட்டில் 16 கிலோபைட் தொகுதிகள் 65,536 அடங்கும், 4 கிலோபைட் தொகுதிகள் 2,62,144. பதிவுகள் சிதறிக் கிடந்தால் பின்னதே ஆதாயம். ஆனால் தொகுதி சிறுத்தால் அதில் அடங்கும் சுட்டிகளும் குறையும், பதிவுகளைத் தேட உதவும் சுட்டிமரம் உயரக்கூடும்.

எழுதுவதில் ஆபத்து வேறு. வட்டு 4 கிலோபைட்டாக எழுதும்போது, 16 கிலோபைட் தொகுதியின் பாதியில் மின்சாரம் போனால் பாதி புதியதும் பாதி பழையதுமான தொகுதி, அதாவது 'கிழிந்த பக்கம்', மிஞ்சும். மின்வெட்டைக் கண்ட நமக்கு இது ஏட்டுக்கதை அல்ல. இன்னோடிபி ஒவ்வொரு தொகுதியையும் இருமுறை எழுதுவது இதற்காகவே.

கீழே உள்ள கோப்பு முறைமையும் ஒத்துப்போக வேண்டும். இசட்எஃப்எஸ் இயல்பாக 128 கிலோபைட் பதிவளவு வைக்கும். அதன்மேல் 8 கிலோபைட்டைத் திருத்தினால் 128ஐயும் படித்துத் திரும்ப எழுத நேரும்.

அளந்து பார்க்காமல் இயல்பு அளவை மாற்றாதீர்கள். இன்னோடிபியில் தரவுத்தளச் சேர்வரை முதலில் அமைக்கும்போதே அளவு உறுதியாகிவிடுகிறது. பிறகு மாற்ற வேண்டுமானால் எல்லாத் தரவையும் வெளியே எடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டும்.