யூத மழலையர் பள்ளி: விளையாட்டும் பண்டிகையும்

யூத மழலையர் பள்ளி: மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு, யூதப் பண்டிகைகள் வந்து போகும் வரிசையை ஒட்டி, விளையாட்டின் வழியே மொழியும் மரபும் பழக்கும் பள்ளி. எபிரேயத்தில் இதன் பெயர் ‘கன் யெலாதீம்’, அதாவது பிள்ளைகளின் தோட்டம். பேச்சில் ‘கன்’ என்றாலே போதும். ஆசிரியையை ‘கனெனெத்’ என்பார்கள். அதுவும் தோட்டம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததே.

பெயர் ஜெர்மானியரின் கிண்டர்கார்டனிலிருந்து வந்த நேர் மொழிபெயர்ப்பு. வட்டமாக உட்கார்ந்து பாடுவது, கட்டைகளை அடுக்குவது, கையால் செய்து பார்த்துப் படிப்பது ஆகியவையும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் பண்டிகையைப் பிள்ளையின் கண்ணுக்கு ஏற்ப அமைத்து, பிள்ளையைக் கேள்வி கேட்கவைக்கும் வழக்கம் யாரிடமும் கடன் வாங்கியதல்ல. அது யூத வீடுகளில் பதினேழு, பதினெட்டு நூற்றாண்டுகளாவது வாழ்ந்துவந்தது. பள்ளி அதை எடுத்துக்கொண்டது.

பெசாக் இரவு

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை நினைவுகூரும் பண்டிகை பெசாக்; தமிழில் பாஸ்கா என்போம். அந்த இரவு விருந்தில், இரண்டாம் கிண்ணம் திராட்சை ரசம் ஊற்றியதும் மகன் தந்தையைக் கேட்க வேண்டும் என்று சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா சொல்கிறது. இந்த இரவு மட்டும் ஏன் மற்ற இரவுகளைப் போல் இல்லை என்பதே கேள்வி. பெரியவர்களின் கதை முழுவதும் அதற்கான பதிலாகத்தான் தொடங்குகிறது. கேட்க ஆளில்லாவிட்டால் கதைக்கு வாசல் இல்லை.

பிள்ளைக்குக் கேள்வி தோன்ற வேண்டும், அதற்கு முன் அது தூங்கிவிடாமல் இருக்க வேண்டும் என்பது அந்தக் கால அறிஞர்களின் கவலை. ரபி அகிவா பெசாக் மாலையில் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்புகளும் கொடுப்பார் என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் குறிக்கிறது. அப்பத்தை வெடுக்கென்று பறிக்கும் வழக்கமும் அதில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இவற்றையெல்லாம் சட்டமாகவே எழுதிவைத்தார். பிள்ளைகள் மாறுதலைப் பார்த்துக் கேட்கட்டும் என்பதுதான் அவர் சொல்லும் காரணம். புளிப்பில்லா அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்துவைத்து, கண்டுபிடித்துத் தரும் பிள்ளைக்குப் பரிசு தரும் ‘அஃபிகோமன்’ விளையாட்டு இந்த மரபின் பின்னாள் கிளை. விளையாட்டே கற்றல் என்று இன்று கல்வியாளர்கள் வாதாடி நிறுவுவதை, இவர்கள் ஒரு கைப்பிடி வறுகடலை போல எளிதாகச் செய்துவிட்டார்கள்.

தேன் தடவிய பலகை

இடைக்கால ஜெர்மனி, பிரான்சு யூதர்கள், பிள்ளையை முதன்முதலாகப் படிக்கவைப்பதைச் சடங்காகவே நடத்தினார்கள். அதற்குரிய நாள், யூதர்களின் வேதமான தோரா அருளப்பட்டதைக் கொண்டாடும் ஷாவுவோத். ஐந்தாறு வயதுப் பையனைத் துணியால் போர்த்தித் தூக்கிவந்து ஆசிரியரின் மடியில் உட்காரவைப்பார்கள். பலகையில் எபிரேய எழுத்துகள் இருக்கும். ஆசிரியர் அவற்றை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் படிக்க, பையன் திருப்பிச் சொல்வான். பிறகு எழுத்துகளின் மேல் தேனைத் தடவுவார்கள். பையன் நாக்கால் நக்குவான். வேத வரிகள் எழுதிய பணியாரமும் அவித்த முட்டையும் தின்னக் கிடைக்கும். வோர்ம்ஸ் நகரத்து எலெயாசர் முதலியோர் இதைப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தேன் அந்த ஒரு நாளைக்குத்தான். மறுநாளிலிருந்து ‘ஹேடர்’. அறை என்று பொருள்படும் இந்தத் திண்ணைப்பள்ளியில் மூன்று வயதிலேயே சேர்ந்த பையன்களும் உண்டு. ஒரே அறை, ஒரே ஆசிரியர், பகல் முழுக்க உரக்க வாசிப்பு. பெண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அங்கே இடமில்லை. ஹேடர் பல தலைமுறைகளின் எழுத்தறிவைக் காத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது கடுமையான இடம்.

ஜெர்மானியத் தோட்டத்தில் யூதப் பெண்கள்

ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல் 1837இல் பாட் பிளாங்கன்பர்கில் தொடங்கிய நிறுவனத்துக்கு 1840இல் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். இந்த இயக்கத்தை முதலில் தோள்கொடுத்துத் தூக்கியவர்களில் யூதப் பெண்கள் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஹாம்பர்கில் யோகன்னா கோல்ட்ஷ்மிட் 1849இல் ஃபிரோபெலையே வரவழைத்துப் பயிற்சி நடத்தவைத்தார். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களுக்குத் தடை விதித்தது, 1860இல்தான் நீக்கியது. அந்தக் காலத்தில் பெர்லினில் ஃபிரோபெல் சங்கத்தை முன்னெடுத்தவர்களுள் ஒருவரான லினா மோர்கன்ஸ்டெர்ன், ஏழைகளுக்கான பொதுச் சமையற்கூடங்களை நடத்திப் பின்னாளில் புகழ்பெற்றவர். இவர்கள் நடத்தியவை எல்லாப் பிள்ளைகளுக்குமான பள்ளிகள். யூதப் பண்டிகையும் எபிரேயமும் விளையாட்டுக்குள் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

1898, ரிஷோன் லெசியோன்

உஸ்மானியப் பேரரசின் கீழிருந்த பாலஸ்தீனத்தில், 1882இல் உருவான திராட்சைத் தோட்டக் குடியேற்றம் ரிஷோன் லெசியோன். முதல் எபிரேய மழலையர் பள்ளி 1898இல் இங்கேதான் திறந்தது. நடத்தியவர் எஸ்தர் ஷபீரா. எருசலேமின் எவலினா டி ராத்சைல்டு பெண்கள் பள்ளியில் பயின்ற இளம்பெண். 1903இல் எருசலேமிலும் ஒரு பள்ளி வந்தது.

அன்றைய நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் இத்திஷ், அரபு, லடினோ, ரஷ்யன் என்று ஏதோ ஒன்று. எபிரேயம் ஜெபத்துக்கும் நூலுக்கும் உரிய மொழி. அதில் ஊஞ்சலாட யாரும் பழகியிருக்கவில்லை. பொம்மைக்குக்கூட அன்றாடச் சொல் இல்லை. ‘பூபா’ என்ற சொல்லை, எபிரேயத்தைப் பேச்சுமொழியாக்கப் பாடுபட்ட எலியேசர் பென் யெகுதா உருவாக்கித் தந்தார். ஆசிரியைகளுக்கே மொழி தடுமாறியது. அவர்கள் சொல்லைத் தேடிக்கொண்டே பாடம் நடத்த, பிள்ளைகள் அதை விளையாடிக்கொண்டே பேசினார்கள். மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அதே சொல்லில் தண்ணீர் கேட்டார்கள். தந்தை பிள்ளையைத் தூக்கிவந்து மொழியிடம் ஒப்படைத்த பழைய சடங்கு இங்கே தலைகீழானது: பிள்ளைதான் மொழியை வீட்டுக்குத் தூக்கிப்போனது. இந்தப் பள்ளிகளின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு வேறில்லை என்பேன்.

தமிழருக்கு இங்கே ஒரு சிறு சொந்தமும் உண்டு. சாலமோன் அரசனின் கப்பல்கள் கொண்டுவந்தவற்றுள் ‘துக்கீம்’ என்று எபிரேய வேதம் சொல்வதைத் தமிழ் விவிலியம் மயில்கள் என்கிறது. அச்சொல்லைத் தமிழின் ‘தோகை’யோடு இணைக்கும் அறிஞர்கள் உண்டு. இன்றைய எபிரேயத்தில் அதன் ஒருமையான ‘துக்கி’ கிளியாகிவிட்டது. கன் பிள்ளைகள் படப்புத்தகத்தில் கிளியைச் சுட்டிக் கூவும் சொல் அதுதான்.

வார்சாவில் 1909இல் யெகியேல் ஹல்பெரின் எபிரேய மழலையர் பள்ளி தொடங்கி, ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்பும் நடத்தினார். பாலஸ்தீனத்தில் ஜெர்மானிய யூதர்களின் உதவிச் சங்கமும் மழலையர் பள்ளிகள் நடத்திவந்தது. 1913இல் அச்சங்கத்தின் ஹைஃபா தொழில்நுட்பக் கல்லூரியில் ஜெர்மன் வழிப் பாடமா, எபிரேய வழியா என்ற சண்டை மூண்டு, ஆசிரியர்கள் பலர் அச்சங்கத்தின் பள்ளிகளை விட்டு வெளியேறினார்கள். வென்றது எபிரேயம்.

சொல் வந்தது, பாட்டு வேண்டுமே! தொடக்கத்தில் ஐரோப்பியப் பாட்டுகளை மொழிபெயர்த்துப் பாடினார்கள். அந்தக் குறையைத் தீர்த்தவர்களுள் முதன்மையானவர் லெவின் கிப்னிஸ். 1913இல் எருசலேமின் பெசலேல் கலைப்பள்ளியில் படிக்க வந்தவர், கன் ஆசிரியைகளுக்காகப் பண்டிகைதோறும் பாட்டும் கதையும் எழுதிக் குவித்தார். பல பாட்டுகளுக்கு மக்களிடம் புழங்கிய மெட்டையே எடுத்துக்கொண்டார். பம்பரப் பாட்டு முதல் மரம் நடும் பாட்டு வரை இன்றும் பிள்ளைகள் வாயில் இருப்பவற்றில் அவருடையவை ஏராளம். 1978இல் சிறார் இலக்கியத்துக்கான இஸ்ரேல் பரிசு அவருக்குக் கிடைத்தது, 1990இல் காலமானார்.

பண்டிகை வகுப்பறைக்குள்

ஹனுக்கா குளிர்காலத்தில் எட்டு நாள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் யூதர்கள் எருசலேம் ஆலயத்தை மீட்டபோது, ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது கதை. ஆகவே விளக்கும், எண்ணெயில் பொரித்த பண்டங்களும். பிள்ளைக்கு இவற்றையெல்லாம் விடப் பெரியது பம்பரம். இத்திஷில் ‘டிரெய்டல்’, எபிரேயத்தில் ‘செவிவோன்’. நான்கு பக்கமும் நான்கு எழுத்து: நூன், கிமெல், ஹே, ஷின். பழைய ஐரோப்பியச் சூதாட்டப் பம்பரத்திலிருந்து வந்தது இது. நூன் விழுந்தால் ஒன்றுமில்லை, கிமெல் விழுந்தால் நடுவிலிருக்கும் எல்லாம் உனக்கு, ஹே என்றால் பாதி, ஷின் என்றால் உன்னிடமிருந்து ஒன்று போடு. அங்கே பெரிய அதிசயம் நடந்தது என்ற பொருளை அந்த எழுத்துகளுக்குப் பின்னர் ஏற்றினார்கள். இஸ்ரேலில் ‘அங்கே’ என்பது ‘இங்கே’ ஆனதால் ஷின்னுக்குப் பதில் பே. தரையில் உலர்திராட்சைக் குவியல், சுற்றி ஐந்து பிள்ளைகள். ஹே விழுந்தது, குவியலில் ஒன்பது இருக்கிறது. பாதி எப்படி எடுப்பது? ஒற்றைப்படை என்றால் என்ன என்பது அந்த நொடியில் புரிந்துவிடும். மிச்சமான ஒன்றை யாராவது வாயில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

தூ பிஷ்வாத் மரங்களின் புத்தாண்டு. மிஷ்னா காலத்தில் அது காய்கனிக் காணிக்கையைக் கணக்கிடும் நாள், அவ்வளவே. 1890இல் சிக்ரோன் யாக்கோவ் குடியேற்றத்தில் ஆசிரியர் செயேவ் யவெட்ஸ் மாணவர்களோடு போய் மரம் நட்டார். 1908இல் ஆசிரியர் சங்கம் அதை எல்லாப் பள்ளிக்கும் உரியதாக்கியது. ஒரு பண்டிகை பள்ளிக்கூடத்திலிருந்து ஊருக்குப் போனதற்கு இது தெளிவான சாட்சி. எஸ்தர் யூதர்களைக் காத்ததைக் கொண்டாடும் பூரிமும் ஓரளவு அப்படியே: 1912இல் டெல் அவீவில் ஆசிரியர் அவ்ராம் ஆல்தெமா நடத்திய ஊர்வலம் பின்னாளில் நகரத் திருவிழாவானது. எஸ்தரின் கதையைப் படிக்கும்போது கொடியவன் ஆமானின் பெயர் 50 முறைக்கு மேல் வரும். ஒவ்வொரு முறையும் சத்தம் போட்டு அந்தப் பெயரை அமுக்க வேண்டும். பருப்பு போட்ட டப்பாவை ஒட்டிக் கிலுகிலுப்பை செய்வதும், கசகசா வைத்து முக்கோணமாக மடிக்கும் ‘ஆமானின் காதுகள்’ சுடுவதும், வேஷம் போடுவதும் அந்த வாரத்து வேலை. ஆமானின் பெயருக்காகக் காத்திருக்கும் பிள்ளை கதையின் ஒரு சொல்லையும் தவறவிடாது.

ஷாவுவோத்தில் வெள்ளையுடை, பூக்கிரீடம், கையில் பழக்கூடை. ஆலயத்துக்கு முதற்கனி கொண்டுபோன பழைய வழக்கத்தை விவசாயக் கூட்டுப்பண்ணைகளான கிபுட்ஸ்கள் வயல்விழாவாக மீட்டெடுத்தன. தேன் தடவிய பலகையின் இடத்தில் கோதுமைக்கதிர் வந்தது.

ஆண்டுப் பண்டிகைகளைவிட ஆழமாகப் பதிவது வாரந்தோறும் வரும் ஓய்வுநாளான சபாத்தின் வரவேற்பு. வெள்ளிக்கிழமை காலை, தாழ்ந்த மேசையில் மாவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உருண்டை. அதை மூன்று கயிறாக உருட்டிப் பின்னலிட்டால் ‘ஹல்லா’ ரொட்டி. பின்னல் யாருக்கும் ஒழுங்காக வராது, அழுக்குக் கைபட்டு மாவு சாம்பல்நிறமாகும், யாரும் திருத்தமாட்டார்கள். அன்று ‘சபாத் அம்மா’ ஆகும் சிறுமி விளக்கின் முன் கையால் கண்ணை மூடி ஆசி சொல்வாள். விரலிடுக்கில் எட்டிப் பார்ப்பாள். ‘சபாத் அப்பா’ திராட்சைச் சாற்றுக் கிண்ணத்தைத் தூக்குவான். தருமப்பெட்டியில் ஆளுக்கொரு காசு. அம்மாவுக்கு விளக்கு, அப்பாவுக்குக் கிண்ணம் என்று பிரிப்பது ஏன் என்று இன்று பல ஆசிரியைகள் கேட்கிறார்கள். வேறு விதமாகப் பகிர்ந்துகொடுக்கும் பள்ளிகளும் உண்டு. நல்ல கேள்வி அது.

பழைய சாமான் முற்றம்

பெத் ஷெயான் பள்ளத்தாக்கில் ஸ்டே எலியாகு கிபுட்ஸில் மல்கா ஹாஸ் என்ற ஆசிரியை உருவாக்கிய ‘பழைய சாமான் முற்றம்’ உலகெங்கும் கவனிக்கப்பட்டது. விளையாட்டுச் சாமான் கடைக்கே போகாமல், பெரியவர்கள் உழைத்துக் கழித்த பொருள்களை முற்றத்தில் போட்டார்: பானை சட்டி, பலகை, சக்கரம், குழாய், ஓடாத வண்டி. பிள்ளைகள் அவற்றால் வீடு கட்டுவார்கள், கப்பல் விடுவார்கள், மறுநாள் கலைப்பார்கள். உண்மையான பொருளுக்கு உண்மையான கனம் இருக்கிறது, அதைத் தூக்க இன்னொருவன் துணை வேண்டும் என்பது இதன் அடிப்படை. பண்டிகைக்கு ஒரே அச்சில் இருபது காகித விளக்கு வெட்டி ஒட்டவைக்கும் பள்ளிகளுக்கு இந்த முற்றமே சரியான மறுமொழி. அந்த இருபது விளக்கும் ஆசிரியையின் கைவேலை, பிள்ளையினுடையது அல்ல.

சட்டமும் பிற நாடுகளும்

இஸ்ரேலின் 1949ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மழலையர் பள்ளியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. மூன்று, நான்கு வயதுக்கு 1984இல் சட்டம் நீண்டாலும், நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது வாழ்க்கைச் செலவு உயர்வுக்கு எதிரான 2011 போராட்டங்களுக்குப் பின், 2012இல்தான்.

அமெரிக்காவில் ஜெபாலயங்களும் யூத சமூக மையங்களும் இப்பள்ளிகளை நடத்துகின்றன. யூதரல்லாத பிள்ளைகளும் பலவற்றில் படிக்கிறார்கள். 1935இல் சேடி ரோஸ் வைலர்ஸ்டைன் எழுதிய கட்டைவிரல் அளவுச் சிறுவன் ‘கதோன்தோன்’ கதைகள், பண்டிகையை ஆங்கிலத்தில் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கின. 2005 முதல் பிஜே லைப்ரரி யூதக் குடும்பங்களுக்கு இலவசப் படப்புத்தகங்களை அஞ்சலில் அனுப்புகிறது. அங்கே பெற்றோர் பலருக்கு மரபு விட்டுப்போயிருக்கிறது. ஆகவே ரிஷோன் லெசியோனில் மொழிக்கு நடந்தது அங்கே பண்டிகைக்கு நடக்கிறது.

பெசாக்குக்கு முந்தைய வாரங்களில் எல்லா ஊர்ப் பள்ளிகளிலும் ஒத்திகை விருந்து உண்டு. பிள்ளைகள் தலையணையில் சாய்ந்துகொள்வார்கள், அப்பத்தை மூடும் துணியில் கைரேகை பதித்து வண்ணம் தீட்டுவார்கள், பெசாக் இரவில் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை ராகத்தோடு மனப்பாடம் செய்வார்கள். பண்டிகை இரவில் அந்தத் துணி மேசைக்கு வரும். வீட்டிலேயே சின்னது நாற்காலியில் ஏறி நின்று பாடத் தொடங்கும். ராகம் மறந்துபோன பெரியவர்கள் இரண்டாம் வரியில் சேர்ந்துகொள்வார்கள்.