குலேன் மலையும் மறைந்த மகேந்திரபர்வதமும்

கம்போடிய நாட்டின் அங்கோர் வாட் கோயிலைக் கண்டு வியவாதார் இலர். ஆயின், அக்கோயிலுக்குக் கல்லையும், அதனைச் சூழ்ந்த பெருநகருக்கு நீரையும் ஈந்த மலையை நாடிச் செல்வோர் சிலரே. சியம் ரியப் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், சமவெளியினின்று மதில் எழுந்தாற்போல நீண்டு கிடக்கும் மணற்கல் மேட்டுநிலமே அம்மலை. கெமர் மக்கள் அதனைப் புனோம் குலேன் என்பர். 'புனோம்' என்பது மலை, 'குலேன்' என்பது லைச்சிப் பழம். அதன் மிக உயர்ந்த இடமும் 500 மீட்டரை எட்டுவதில்லை. உயரத்தால் சிறிய இம்மலை வரலாற்றால் பெரியது. 1993ஆம் ஆண்டு இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

மலையேறுவோரை முதலில் எதிர்கொள்வது நீரே. சியம் ரியப் ஆறு இம்மேட்டில் தோன்றி, ஆழமற்ற பாறைப் படுகையில் தெளிந்து ஓடுகின்றது. உற்று நோக்கினால் அப்படுகை முழுதும் சிறு சிறு வட்டக் குமிழ்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருத்தல் புலனாகும். அவை சிவலிங்கங்கள். இம்மலைத் தொடரின் மற்றொரு பகுதியில் கபால் ஸ்பியன் என்னும் ஓடை உளது. அங்கே லிங்கங்களோடு, அரவணையில் துயிலும் திருமாலும் அவர் உந்தித் தாமரையில் அமர்ந்த நான்முகனும் பாறையிலேயே வடிக்கப்பட்டுள்ளனர். பிரெஞ்சு ஆய்வாளர் ழான் பூல்பே 1969இல் அவ்விடத்தை அறிஞருலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே நாடு போரில் மூழ்கியது. கோயிலுக்குள் லிங்கத்தை வைத்து நீராட்டுதல் பிற இடத்து வழக்கம். இங்கோ ஆறே ஓயாது நீராட்டுகின்றது. லிங்கங்களைத் தழுவிய அந்நீரே கீழிறங்கி அங்கோரின் ஏரிகளையும் வயல்களையும் அடைந்தது.

ஆற்றின் போக்கிலே சென்றால் அருவிகளைக் காணலாம். மேலருவி ஓராள் உயரத்தினும் சில மடங்கே பெரியது. கீழருவியோ ஏறத்தாழ 20 மீட்டர் உயரத்தினின்று ஒரே வீழ்ச்சியாய் விழுகின்றது. விடுமுறை நாள்களில் கெமர்க் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து நீராடிக் களிக்கும். பெரும்பாறை ஒன்றின் உச்சியில் 16ஆம் நூற்றாண்டில் செதுக்கிய, 8 மீட்டர் நீளமுடைய பள்ளிகொண்ட புத்தரையும் வணங்கி மீள்வர். வருவோருள் பெரும்பாலோரின் பயணம் இத்துடன் முடிந்துவிடுகின்றது. ஆனால் வரலாறு பாதையை விட்டு விலகிக் காட்டினுள்ளே கிடக்கின்றது.

கி.பி. 802இல் இரண்டாம் ஜயவர்மன் என்னும் மன்னன் இம்மலைமேல் தன்னைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டுவித்தான். இரணியதாமன் என்னும் பிராமணன் சடங்கை நடத்தினான். சிவகைவல்யன் அரச புரோகிதனாக அமர்த்தப்பெற்றான். 'தேவராஜ' வழிபாடு தோன்றிற்று. காம்போச நாடு ஜாவாவுக்கு அடங்கியிருந்த நிலை நீங்கிற்று. கெமர்ப் பேரரசின் பிறப்பு இதுவென வரலாற்று நூல்கள் கூறும். இச்செய்திகளுக்குப் பெரிதும் ஆதாரம் ஸ்டோக் காக் தோம் கல்வெட்டாகும். சமஸ்கிருதத்திலும் கெமர் மொழியிலும் பொறிக்கப்பட்ட அது 1052ஆம் ஆண்டைச் சார்ந்தது. நிகழ்ச்சிக்கும் கல்வெட்டுக்கும் இடையே இரண்டரை நூற்றாண்டு உளது என்பதை மாணவர் மறத்தலாகாது. அதனைப் பொறித்தோர் சிவகைவல்யன் வழிவந்த குடும்பத்தார். தம் குலத்தின் உரிமைகளையும் நிலங்களையும் நிலைநாட்டவே அதனை எழுதினர். அதனால் அது பொய் என்பதன்று. யார், எதற்காகக் கூறினர் என்று கேட்டே அதனைக் கொள்ளவேண்டும். அதில் வரும் 'ஜாவா' எது என்பதிலும் அறிஞர் இன்றளவும் ஒருமனப்படவில்லை.

அம்மன்னன் அமைத்த நகரின் பெயர் மகேந்திரபர்வதம். செங்கல்லாற் கட்டிய தம்ரெய் கிராப் கோயில், படிப்படியாய் உயரும் ரோங் சென் மேடை, காட்டிடையே தனித்து நிற்கும் கல்யானை ஆகியவை முன்பே அறியப்பட்டிருந்தன. எனினும் இவற்றை இணைத்த நகர் எங்கே என்பது விளங்கவில்லை. பல்லாண்டு கெமர் ரூஜ் படையினரின் பிடியில் இருந்த மலையில் கண்ணிவெடிகள் நிறைந்திருந்தமையால் ஆய்வாளர் கால்வைக்கவும் அஞ்சினர். 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் ஒளிக்கதிர்களைப் பாய்ச்சி, இலைகளின் இடுக்கு வழியே தரையை அளந்தனர். 2015இல் அப்பணி விரிவுபெற்றது. மரங்களை நீக்கிக் காட்டிய அப்படத்தில் நேர்கோட்டு வீதிகளும், அணைகளும், கட்டுமேடுகளும் வெளிப்பட்டன. 40 முதல் 50 சதுர கிலோமீட்டர் வரை பரந்த திட்டமிட்ட நகர் அது என்று 2019இல் ஆய்வு வெளியாயிற்று. ஒரு மரமும் வெட்டாமல் ஒரு நகரைக் கண்டனர்!

ஈண்டு ஒன்று சொல்லியாக வேண்டும். கம்போடியக் கோயில்களைத் தமிழரே கட்டினர் என்று மேடைகளிற் கேட்கின்றோம்; மாணவர் கட்டுரைகளிலும் காண்கின்றோம். அதற்குச் சான்று இல்லை. கெமர் எழுத்து பல்லவ கிரந்தத்தினின்று கிளைத்தது என்பதற்குச் சான்று உண்டு; நாளிட்ட கெமர்க் கல்வெட்டுகளுள் மிகப் பழையது 611ஆம் ஆண்டினது. 'வர்மன்' என்னும் முடிவு பல்லவ மன்னர்க்கும் கெமர் மன்னர்க்கும் பொதுவாதலும் வெளிப்படை. ஆயின் இரணியதாமன் 'ஜனபதம்' ஒன்றினின்று வந்தான் என்று மட்டுமே கல்வெட்டு கூற, அவனைக் காஞ்சிக்காரனாக்குதல் ஆராய்ச்சியாகாது. எழுத்தை வழங்கிய பெருமை ஒரு மொழியினத்திற்குப் போதாதா? கட்டியவனின் உழைப்பையும் பறித்துக்கொள்ள வேண்டுமோ?

ஜயவர்மன் நெடுநாள் மலைமேல் தங்கவில்லை. சமவெளியிலுள்ள ஹரிஹராலயத்திற்குத் திரும்பி அங்கேயே மறைந்தான். எனினும் மலையில் மக்கள் தொடர்ந்து வாழ்ந்தனர். பழைய அணையொன்றின் பின்னே தேங்கிய நீர்நிலையின் அடிச்சேற்றைத் துளையிட்டெடுத்து ஆய்ந்தவர்கள், 2014இல் தம் முடிவை வெளியிட்டனர். ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பதினோராம் நூற்றாண்டின் இறுதிவரை சரிவுகளினின்று மண் மிகுதியாக அரித்து வந்து படிந்துள்ளது என்பது அம்முடிவு. அதாவது காடு அழிக்கப்பட்டு நிலம் கடுமையாகப் பயன்படுத்தப்பட்டது. பின்னர் மனிதர் குறைந்தனர். காடு மீண்டும் மூடிற்று. இன்று காணும் காட்டில் பெரும்பகுதி அவ்வாறு திரும்பி வந்த காடேயாகும்.

இப்பொழுது அக்காடு மறுமுறை குறைந்து வருகின்றது. போர் ஓய்ந்து கண்ணிவெடிகள் அகற்றப்பட்டபின் மேட்டுநிலத்துச் சிற்றூர்களில் முந்திரித் தோட்டங்கள் பெருகின. தலைமுறையாக அங்கு வாழும் எளிய மக்களுக்கு முந்திரியே பணப்பயிர். அவர்களைப் பழித்தல் எளிது, மாற்று வழி காட்டுதல் அரிது. 2020இல் கம்போடிய அரசு இம்மலையை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலுக்கு அனுப்பிற்று. லேசர் படத்தை விரித்து, இன்றைய தோட்ட வரைபடத்தை அதன்மேல் பொருத்திப் பார்ப்பின், ஜயவர்மன் காலத்து வீதிகள் பல முந்திரி வரிசைகளுக்கு அடியிற் செல்லக் காணலாம். அவ்வீதிகளின் ஓரத்தில், கலப்பைக்கும் மண்வெட்டிக்கும் தப்பிய செங்கற்கள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன.