காரின் கேபின் ஃபில்டர்: திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதியில் நாமே மாற்றுதல்

கேபின் ஃபில்டர் என்பது காரின் ஏசி வழியாக உள்ளே வரும் காற்றிலிருந்து தூசியையும் புகைக்கரியையும் மகரந்தத்தையும் பிடித்து நிறுத்தும் மடிப்பு வடிகட்டி. மெக்கானிக் கடைகளில் இதை ஏசி ஃபில்டர் என்பார்கள். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் வேறு. அது பானட்டுக்கு அடியில் இருக்கும், இன்ஜினைக் காக்கும். கேபின் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டில், குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். காருக்குள் இருப்பவரின் நுரையீரலைக் காப்பது இதன் வேலை. கண்ணில் படாத இடத்தில் இருப்பதால் சர்வீஸில் மிக எளிதாக மறக்கப்படும் பாகமும் இதுதான். ஸ்பானர்கூட இல்லாமல் கார் வைத்திருப்பவர் தானே மாற்றிக்கொள்ளக்கூடிய பாகமும் இதுவே.

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-இல் கொண்டுவந்த, பின்னர் ‘வெதர் ஐ’ என்று பெயர்பெற்ற ஏற்பாடு வெளிக்காற்றை வடிகட்டிச் சூடேற்றி உள்ளே அனுப்பியது. பிறகு அது பரவலாக நெடுங்காலம் ஆயிற்று. இந்தியாவில் விற்கப்பட்ட விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஃபில்டர் செருகும் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. திருவள்ளூருக்குக் கார்த் தொழில் புதிதல்ல. இங்குள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் உருவானது. பின்னர் அதே ஊரிலிருந்து சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன. ஆனாலும் இந்தச் சாலைகளில் ஓடும் பழைய கார்களில் எத்தனையோ இன்றும் ஃபில்டர் இல்லாமல் ஓடுகின்றன. தன் காரில் ஃபில்டர் இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியாது.

அமைப்பு

ஃபில்டரின் உடல் நெய்யாத பாலிப்ரொப்பிலீன் இழைத்தாள். அதை நெருக்கமாக மடித்து ஒரு சட்டத்துக்குள் அடக்கியிருப்பார்கள். மடிப்புகள் அதிகமானால் பரப்பு கூடும், காற்று சிரமமின்றிக் கடக்கும். கடையில் இரண்டு ஃபில்டர்களை ஒப்பிடும்போது மடிப்புகளை எண்ணிப் பார்த்தாலே தரத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இந்த இழைகள் சல்லடையைப் போலத் துளையின் அளவை வைத்து மட்டும் வேலை செய்வதில்லை. பெரிய துகள் காற்றோடு வளைய முடியாமல் இழையில் மோதி ஒட்டும். மிகச் சிறியது அங்குமிங்கும் அலைந்து இழையைத் தொடும். இரண்டுக்கும் நடுவில், அரை மைக்ரானுக்கும் குறைவான அளவில் இருப்பதுதான் எளிதில் தப்பிவிடும். அதைப் பிடிக்கவே இழைகளுக்குத் தயாரிப்பின்போது நிலைமின்னூட்டம் ஏற்றப்படுகிறது. டீசல் புகைக்கரியும் எண்ணெய்ப் புகையும் இழைகளில் படியப் படிய இந்த மின்னூட்டத்தின் வலு குறையும். அதனால் லாரிகள் ஓயாத சாலையில் ஓடிய ஃபில்டர், அடைத்துக்கொள்வதற்கு முன்பே நுண்துகளைப் பிடிக்கும் திறனை இழக்கத் தொடங்கலாம். காற்று நன்றாக வருகிறதே என்பதை மட்டும் வைத்து அது வேலை செய்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

விலை கூடிய வகையில் கரி அடுக்கு ஒன்றும் இருக்கும். தூண்டப்பட்ட கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பு ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர். நாற்றம் தரும் வாயுக்கள் பல அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இந்தக் கரியைச் செய்யும் தொழில் தமிழ்நாட்டில் வளமாக நடக்கிறது. இவ்வகை வடிகட்டிகளைச் சோதிக்கும் முறையை ஐஎஸ்ஓ 11155 என்ற தரம் வகுத்திருக்கிறது. அதன் முதல் பகுதி துகள்களுக்கு, இரண்டாம் பகுதி வாயுக்களுக்கு.

இப்பகுதியின் தூசி

திருவள்ளூர் மாவட்டத்தின் தூசி ஒரே வகை அல்ல. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரையும், அங்கிருந்து எளாவூர் சோதனைச்சாவடி வரையும் முதலில் வருவது டீசல் கரியும் டயர்த் தேய்மானமும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை நெருங்கும்போது இரும்பும் சேர்ந்துகொள்கிறது. பழைய இரும்பை இண்டக்‌ஷன் உலைகளில் உருக்குவதும் அதைக் கம்பியாக உருட்டுவதும் இங்கே பெருந்தொழில். உலைப்புகையின் துகள்களில் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. கம்பி உருட்டும்போது உதிரும் கறுப்புச் செதில்கள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும்.

கிழக்கே மீஞ்சூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் போனால் நிலக்கரித் தூளும் சாம்பலும். வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இங்கேதான். மேற்கே திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, திருத்தணிச் சாலைகளில் செங்கல் சூளைப் புகை, ஜல்லி உடைக்கும் கிரஷர்களின் கல்தூள், தார்ப்பாய் சரியாக மூடாத லாரிகளிலிருந்து பறக்கும் மண். பழவேற்காட்டுப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஃபில்டரில் படிந்த தூசியைக் காயவிடாது.

கழற்றிய பழைய ஃபில்டரை ஒரு வெள்ளைத்தாளின் மேல் மெல்லத் தட்டி, உதிர்ந்த தூளின் அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் காந்தத்தோடு நகர்ந்தால் அதில் இரும்பு இருக்கிறது. அது இன்ன ஆலையிலிருந்து வந்தது என்று இந்தச் சோதனையால் சொல்ல முடியாது. பிரேக் தேய்மானத்திலும் அனல்மின் சாம்பலிலும்கூடக் காந்தத்தில் ஒட்டும் துகள்கள் உண்டு. ஆனால் நாம் எதை மூச்சில் இழுக்கவிருந்தோம் என்பதை எந்த அறிக்கையையும்விடத் தெளிவாக இது காட்டிவிடும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய சோதனை.

2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர வரம்பின்படி 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணிநேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமையும், ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. பத்து மைக்ரான் வரையிலானவற்றுக்கு வரம்புகள் முறையே 100, 60. இவை திறந்த வெளிக் காற்றுக்கான அளவுகள். லாரியின் பின்னால் போகும் காரின் காற்று நுழைவாயில் அதைவிட மோசமான இடம். அதே இடத்தில் ஷிப்டுக்குப் பைக்கில் போகும் தொழிலாளிக்கு எந்த ஃபில்டரும் இல்லை. காருக்குள் நாம் செய்துகொள்ளும் இந்தச் சிறு ஏற்பாடு ஆலைப் புகைபோக்கியிலும் லாரித் தார்ப்பாயிலும் செய்ய வேண்டிய கட்டுப்பாட்டுக்கு மாற்றாகாது.

எப்போது மாற்றுவது

கார் நிறுவனங்களின் கையேடுகள் பொதுவாக 10,000 முதல் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. தூசி மிகுந்த இடங்களில் அதற்கும் முன்பே என்ற வரி ஒன்று கையேட்டில் எங்காவது இருக்கும். கும்மிடிப்பூண்டிக்குப் பொருந்துவது அந்த வரிதான். தினமும் சிப்காட்டுக்கோ மீஞ்சூருக்கோ போய்வரும் கார் என்றால் ஆண்டுக்கு இருமுறை மாற்றுவது சரி. பருவத்தைப் பார்த்து மாற்றுவது இன்னும் நல்லது. செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை. கோடைத் தூசி நிரம்பிய ஃபில்டரில் மழைக்காலத்து ஈரம் ஏறினால் பூஞ்சை நாற்றம் வரும், காற்று குறைந்து முன்கண்ணாடியில் பனி படிந்தால் எளிதில் விலகாது. அடுத்த முறை பொங்கல் கழிந்த பிறகு. போகிப் புகையைப் பழைய ஃபில்டர் வாங்கிக்கொள்ளட்டும்.

இடையில் ஃபேனைக் கூட்டியும் காற்று வராமல் சத்தம் மட்டும் கூடினாலோ, ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை அடித்தாலோ ஃபில்டரைத் திறந்து பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல வெள்ளநீர் டேஷ்போர்டு வரை ஏறிய காரில் யோசிக்கவே வேண்டாம். ஃபில்டரை எறிந்துவிட்டு, ஏசிப் பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

மாற்றும் முறை

கடையில் காரின் மாடலோடு தயாரிப்பு ஆண்டையும் சொல்லி வாங்க வேண்டும். ஒரே பெயரில் வரும் காருக்கே தலைமுறைக்குத் தலைமுறை அளவு மாறும். நீள அகலம் பொருந்தி, தடிமன் குறைந்தால்கூடக் காற்று ஓரத்து இடைவெளி வழியாகப் போய்விடும். அப்போது ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல்தான். பெரும்பாலான சாதாரண கார்களுக்கு விலை சில நூறு ரூபாய். கரி அடுக்கு உள்ளதற்குக் கொஞ்சம் கூடும்.

இன்ஜினையும் ஃபேனையும் நிறுத்துங்கள். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். தூசிக்காக மட்டுமல்ல, நிறுத்தியே வைத்திருக்கும் கார்களில் எலி இந்த இடத்தைக் கூடாக்கிக்கொள்வது சாதாரணம். குளோவ் பாக்ஸைக் காலி செய்து திறந்தால், பக்கவாட்டில் அது மெல்ல இறங்குவதற்கான கயிறோ சிறு தண்டோ மாட்டியிருக்கும். அதைக் கழற்றுங்கள். மாருதி கார்கள் பலவற்றில் பெட்டியின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்பைத் தாண்டிக் கீழே தொங்கும். ஹூண்டாய் கார்கள் பலவற்றில் இருபுறமும் உள்ள பிளாஸ்டிக் நிறுத்திகளைத் திருகி எடுக்க வேண்டும். சில ஐரோப்பியக் கார்களில் ஃபில்டர் பயணியின் கால்பக்கத்திலோ பானட்டின் ஓரத்திலோ இருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வலுவாக இழுக்க வேண்டியிருந்தால் தவறான இடத்தை இழுக்கிறோம் என்று பொருள்.

பெட்டி இறங்கியதும் அதன் பின்னால் நீளமான, ஒடுங்கிய கறுப்பு மூடி தெரியும். ஓரத்துக் கிளிப்பை அழுத்தினால் வந்துவிடும். முதலில் சொன்ன ஃபில்டர் இல்லாத மாடல்களில் இந்த மூடி அச்சோடு சேர்ந்தே இருக்கும். அதைக் கத்தியால் வெட்டி எடுத்து, தனி மூடி வாங்கிப் போட வேண்டும். வெட்டும் துண்டு உள்ளே விழுந்தால், காற்றைத் தள்ளும் ஃபேனான புளோயரில் சிக்கும் என்பதால் அந்த வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விடலாம்.

பழைய ஃபில்டரை எடுக்குமுன் அதன் விளிம்பில் உள்ள அம்புக்குறியை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சாய்க்காமல், கிடைமட்டமாக, மெல்ல இழுங்கள். மேல்பக்கம் முழுவதும் வேப்பம்பூ, சருகு, பூச்சி என்று குவிந்திருக்கும். சாய்ந்தால் எல்லாம் நேராகக் கீழே உள்ள புளோயருக்குள் கொட்டும். செருகும் இடத்தை ஈரத்துணியால் துடைத்து, முடிந்தால் வேக்குவம் வைத்து இழுத்துவிடுங்கள். ஃபில்டர் இல்லாத நிலையில் ஃபேனைப் போடவே கூடாது.

புதியதில் உள்ள அம்புக்குறி காற்றுப் போகும் திசையைக் காட்டும். படுக்கைவாட்டில் ஃபில்டர் செருகும் கார்களில் பெரும்பாலும் காற்று மேலிருந்து புளோயரை நோக்கி இறங்கும், அம்பும் கீழே பார்க்க வேண்டும். எடுத்த படத்தோடு ஒப்பிட்டுச் செருகுங்கள். மடங்காமல் கடைசி வரை போக வேண்டும். மூடி ‘கிளிக்’ என்று பூட்ட வேண்டும். கயிற்றை மாட்டி, பெட்டியை ஏற்றி, ஃபேனை ஒவ்வொரு வேகத்திலும் ஓடவிட்டுக் கேளுங்கள். விசில் போல ஒலி வந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. பழகிய கைக்கு மொத்தம் பத்து நிமிட வேலை.

கழுவி மறுபடி போடலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். கழுவிப் பயன்படுத்தலாம் என்று ஃபில்டரிலேயே எழுதியிருந்தாலொழியக் கூடாது. தண்ணீர் இழைகளின் மின்னூட்டத்தைக் கெடுக்கும், மடிப்புகளைச் சுருட்டும். பங்க் காற்றைப் பீய்ச்சினால் பெரிய தூசி பறக்கும், இழையும் கிழியும், உள்ளே புதைந்த நுண்துகள் அங்கேயே இருக்கும்.

எதைத் தடுக்காது

கார்பன் மோனாக்சைடைக் கரி அடுக்கு பிடிக்காது. மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவது கேபின் ஃபில்டர் இருந்தாலும் உயிருக்கு ஆபத்து. அமோனியாவையும் சாதாரணக் கரி போதிய அளவு பிடிக்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் கரையோரம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி வெளியேறினார்கள். அப்படியொரு நேரத்தில் கார் ஃபில்டரை நம்பி நிற்கக் கூடாது. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய்விட வேண்டும்.

லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதும் சூளைப் புகையைக் கடக்கும்போதும் உள்காற்றுச் சுழற்சிப் பொத்தானை அழுத்துவது ஃபில்டரின் சுமையைக் குறைக்கும். பல கார்களில் உள்ளே சுழலும் காற்றும் ஃபில்டர் வழியாகவே திரும்பத் திரும்பப் போவதால் அது மேலும் சுத்தமாகும். ஆனால் நான்கு பேர் இருக்கும் காரில் அதையே நெடுநேரம் வைத்திருந்தால் மூச்சில் வெளியேறும் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுபவருக்கு அசதி வரும். புகை கடந்ததும் பொத்தானை விடுவித்துவிட வேண்டும்.

பழைய ஃபில்டரைக் கொளுத்தக் கூடாது. அது பிளாஸ்டிக், அதில் படிந்திருப்பது உலோகத்தூள். பையில் போட்டுக் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம். புதிய ஃபில்டர் போட்டும் வாடை போகாவிட்டால் கூலிங் காயிலில் அழுக்கு படிந்திருக்கும், அல்லது ஏசித் தண்ணீர் வெளியேறும் சிறு குழாய் அடைத்திருக்கும். வாடையில்லாமல் காற்று மட்டும் குறைவாக இருந்தால் புளோயரைப் பார்க்க வேண்டும். இவற்றைச் சரிசெய்ய டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருக்கலாம் என்பதால், அது ஏசி மெக்கானிக்கின் வேலை.