அலையேறிய தோணி

அலைச்சறுக்கு என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பலகையின்மேல் நிற்கும் மனிதனே. ஆனால் அக்கலையைப் பற்றி ஐரோப்பியர் எழுதிவைத்த மிகப் பழைய குறிப்புகளுள் ஒன்றில் பலகை இல்லை. தோணியும் துடுப்புமே உள்ளன.

ஆண்டு 1777. ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணம். ‘ரெசல்யூஷன்’ கப்பலின் மருத்துவர் வில்லியம் ஆண்டர்சன், தஹிதித் தீவின் மாத்தவாய் முனையில் உலவுகையில், சிறு தோணியில் விரைந்து துடுப்பு வலிக்கும் ஒருவனைக் கண்டார். கப்பலில் எதையோ திருடிக்கொண்டு ஓடுகிறானோ என்றே முதலில் ஐயுற்றார். அவனோ அலை எழும் இடத்தில் காத்திருந்து, அது நெருங்கியதும் அதன் முன்னே தோணியைச் செலுத்தி, அலையின் வேகத்திலேயே கரை சேர்ந்தான். உள்ளே புகுந்த நீரை அகற்றிவிட்டு மீண்டும் கடலுக்கே திரும்பினான். கரையில் கூடியிருந்தோர் அந்நியரின் கப்பல்களையும் கூடாரங்களையும் வேடிக்கை பார்க்க, அவன் அவற்றை ஏறிட்டும் நோக்கவில்லை. அவன் துய்த்தது பேரின்பமே என்று ஆண்டர்சன் முடிவுகட்டினார்.

1778 ஆகஸ்டில் அவர் காசநோயால் இறந்தார். பயணநூல் 1784இல் வெளிவந்தது. அவருடைய சொற்களைப் பின்னாளில் பலர் குக்கின் கூற்றாகவே எடுத்தாண்டனர். கண்டவரின் பெயர் இவ்வாறு மங்கியது. தோணிக்காரனின் பெயரோ எழுதப்படவே இல்லை. ஆயினும், ஐயத்தில் தொடங்கிய ஒரு பார்வை பிறனுடைய மகிழ்ச்சியை உணர்ந்து முடிந்ததே, அதற்காகவே அப்பக்கத்தை நாம் போற்றுகிறோம்.