பதிவமைப்பும் குடிசன மதிப்பீடும்

பெருந்தொகையான தரவுகளை ஒருங்கே தரவுத்தளத்தில் ஏற்றுவோர் முதற்கண் உள்ளீட்டுப் பதிவின் அமைப்பை வரையறுத்தல் வேண்டும். எந்தப் புலம் எவ்விடத்தில் தொடங்கி எவ்விடத்தில் முடிகின்றது, அதில் வருவது எண்ணா எழுத்தா, வெற்றிடம் எதனைக் குறிக்கும் என்பன தரவு வருமுன்பே தீர்மானிக்கப்படுவன. இவ்வழக்கம் கணினியோடு பிறந்ததன்று. குடிசன மதிப்பீட்டோடு வளர்ந்தது.

1890ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டில் ஹேர்மன் ஹொலரித்தின் துளையட்டை பயன்பட்டது. 1928இல் ஐ.பி.எம். நிறுவனம் எண்பது நிரல் கொண்ட அட்டையை அறிமுகப்படுத்தியது. அட்டையில் துளைக்குத் தனிப்பொருள் இல்லை. அது விழுந்த இடமே பொருள். வயதைக் குறிக்கும் 34ஐ அடுத்துப் பெண்பாலைக் குறிக்கும் 2 நிற்பதாகக் கொள்வோம். ஒரு நிரல் பிசகிப் படித்தால் வயது 42 ஆகிவிடும். அதுவும் இயல்பான வயதே ஆதலால் பொறி முணுமுணுப்பதில்லை.

இலங்கையில் இச்சிக்கல் நிரலோடு நிற்கவில்லை. 1901ஆம் ஆண்டு மதிப்பீடு பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் பொறுப்பில் நடைபெற்றது. அதில் தமிழர் ஒரு வகுப்பு, சோனகர் ஒரு வகுப்பு. 1911இலோ இவ்விரு வகுப்பினரும் இலங்கையர், இந்தியர் எனப் பிரிக்கப்பட்டனர். இரு மதிப்பீடுகளையும் ஒரே அட்டவணையில் ஏற்ற முனைவோர் 1911இன் இரண்டையும் கூட்டி 1901இன் ஒன்றோடு ஒப்பிடலாம். 1901இன் ஒன்றைப் பிரித்தெடுக்க இயலாது. அன்று புலம் வகுக்கப்படாததால், பிற்கால நிரலர் எத்துணை வல்லுநராயினும் அத்தகவலை வருவிக்க முடியாது.

இடப்பெயரும் ஏமாற்றும். அக்காலத்துப் புத்தளமும் சிலாபமும் தனித்தனி மாவட்டங்கள். பின்னரே இரண்டும் புத்தளம் மாவட்டமாயின. பெயர் ஒன்றாயினும் பரப்பு வேறு. ஆகவே, மாவட்டக் குறியீட்டெண்ணுடன் ஆண்டும் பதியப்படாத பதிவு குறையுடையதே.

பள்ளிவாசல்துறை போன்ற கரையோர ஊர்களில் இதன் கனம் விளங்கும். அங்குள்ள சோனகரின் தாய்மொழி தமிழ். இனத்துக்கும் மொழிக்கும் ஒரே புலம் ஒதுக்கினால், அவர்கள் ஏதேனும் ஒரு கணக்கிலிருந்து விடுபடுவர். மேலும், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். பிறந்த மாவட்டம், முன்னர் வாழ்ந்த மாவட்டம், தற்போது வாழும் மாவட்டம் ஆகிய மூன்றும் மூன்று புலங்களாக வகுக்கப்படாவிடின், மன்னாரில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து கற்பிட்டியில் குடியேறிய ஒருவர், தரவுத்தளத்தில் என்றும் புத்தளத்திலேயே இருந்தவராகக் காட்சியளிப்பார்.