குளச்சல் மணலின் வயது

குளச்சல் என்றதும் 1741 என்பர் வரலாற்று மாணவர். டச்சுக்காரர் படை இக்கடற்கரையில் இறங்கியதும், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படை அதைப் பணிய வைத்ததும், அந்த வெற்றிக்குச் சான்றாகத் தூண் ஒன்று நிற்பதும் யாவரும் அறிந்தவை. பிடிபட்ட டி லன்னாய் அம்மன்னரின் படைக்கே ஐரோப்பியப் போர்முறையைப் பயிற்றுவித்தார். உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். துப்பாக்கியும் வெடிமருந்தும் பயிற்சியும் தேடித் தந்த நாட்டை, 1750-இல், பத்மநாபசாமிக்கு உரியதென்று அடி பணிந்து ஒப்படைத்தார் மன்னர். உழைத்தது வெடிமருந்து; உரிமை பெற்றது தெய்வம்! அது கிடக்கட்டும். நாம் பேச வந்தது தூணைப் பற்றியன்று, மணலைப் பற்றி.

குளச்சலுக்குக் கிழக்கே சில கல் தொலைவில் மணவாளக்குறிச்சி. அங்குள்ள கரை வெண்மணற் கரையன்று. இல்மனைட்டின் கருமையும் கார்னெட்டின் செம்மையும் கலந்து கிடக்க, இடையிடையே தேன் நிறத்தில் மின்னும் மணிகள் உண்டு. அவையே மோனசைட். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார் திருவிதாங்கூர்க் கரையில் அதனைக் கண்டறிந்தார். ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலே அவருக்குத் துப்புக் கொடுத்தது என்பர். மோனசைட்டில் தோரியம் உண்டு. அன்றைய ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கு வேண்டிய காஸ் மாண்டிலைத் தோரியமின்றிச் செய்ய இயலாது. நம் ஊர்ப் பெட்ரோமாக்ஸ் விளக்கிலும் எரிந்தது அந்த மாண்டில்தான். தேருக்கு முன்னே தூக்கிச் சென்றதும் அந்த விளக்கு. சுயமரியாதைக் கூட்ட மேடையில் தொங்கியதும் அந்த விளக்கு. ஒளி இருவருக்கும் பொதுவாகவே இருந்தது!

விளக்கைவிடப் பெரிய வெளிச்சம் ஒன்று அந்த மணியில் அடங்கியிருக்கிறது. தோரியத்தின் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிதைகின்றன. படிப்படியாக இறங்கி, முடிவில் ஈயமாக நிற்கின்றன. எவ்வளவு தோரியம் இருப்பினும் அதில் சரிபாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். வெயில் அடித்தாலும், அலை அடித்தாலும், அர்ச்சனை நடந்தாலும், ஆராதனை நடந்தாலும் அவ்வேகம் மாறாது. ஆகவே மணியில் எஞ்சிய தோரியம் எவ்வளவு, அதிலிருந்து விளைந்த ஈயம் எவ்வளவு என்று அளந்தால், மணி உருவான காலம் கணக்கில் வந்து நிற்கும். நாஞ்சில் நாட்டையும் தென் கேரளத்தையும் தாங்கி நிற்கும் பழம்பாறைகளின் மோனசைட்டை இவ்வாறு அளந்தோர் கண்ட வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகள். விண்கற்களின் ஈயத்தை அளந்த பாட்டர்சன், 1956-இல், நிலவுலகின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார்.

இந்தக் கணக்கை எந்த வேதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது?

பேராயர் அஷர் பதினேழாம் நூற்றாண்டில் விவிலியத்து வம்ச வரிசைகளைக் கூட்டிக் கழித்து, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்றார். அவ்வாண்டு ஆங்கில விவிலியப் பதிப்புகளின் ஓரத்திலேயே அச்சேறி நெடுங்காலம் நின்றது. நம்மவர் மட்டும் சளைத்தவரா? பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு. விஞ்ஞானி சொல்வதை எம் முனிவர் அன்றே சொன்னார் என்று மார்தட்டுவோர் உளர். நன்று; அதே ஏட்டின் அடுத்த பக்கத்தையும் படிப்போம். துவாபர யுகம் 8,64,000 ஆண்டு. கலியுகத்தில் கழிந்தது ஐயாயிரத்துச் சொச்சம். திரேதா யுகத்து இராமனோ அதற்கும் முற்பட்டவன். அதாவது எட்டரை இலட்சம் ஆண்டுகளுக்கு முன் மணிமுடி சூடி, மாளிகையில் வாழ்ந்து, வில்லேந்திக் காடேகினான் என்றாகிறது. நம் மனித இனத்தின் வயதே ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுதான்! ஒரு எண் தற்செயலாக ஒத்து வந்தால் அதனைக் கட்டித் தழுவுவதும், ஒவ்வாத எண்ணைத் திரையிட்டு மறைப்பதும் கணக்கன்று.

டார்வினுக்கு வந்த தொல்லை பாதிரிமாரிடமிருந்து மட்டும் வரவில்லை. பேரறிஞர் கெல்வின், பூமி ஆறிவரும் வெப்பத்தை வைத்துக் கணக்கிட்டு, அதன் வயதை இறுதியில் இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகள் என்று சுருக்கிவிட்டார். உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வருவதற்கு அக்காலம் போதாது. அதற்கு டார்வினிடம் உரிய விடை இல்லை, 1882-இல் மறைந்தார். விடை வந்தது கதிரியக்கத்திலிருந்து. 1907-இல் போல்ட்வுட் பாறைகளின் யுரேனியத்தையும் ஈயத்தையும் அளந்து, நாற்பது கோடி ஆண்டுகளையும் கடந்த வயதுகளை வெளியிட்டார். விஞ்ஞானத்தின் பிழையை விஞ்ஞானமே திருத்திற்று. அதற்காக எவரையும் சிறையில் அடைக்கவில்லை, எந்த நூலையும் எரிக்கவில்லை.

1859 என்ற ஆண்டை நாஞ்சில் நாட்டார் இருமுறை நினைவில் வைக்கவேண்டும். தோளில் சீலை அணிந்ததற்காக நாடார் குலப் பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீண்ட போராட்டத்தின் முடிவில், அவ்வாண்டு சூலை 26-ஆம் நாள் திருவிதாங்கூர் அரசாணை பிறந்தது. ஆணையின் அழகைப் பாருங்கள்: ரவிக்கை அணியலாம், அல்லது முக்குவர் குலப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தலாகாது! குளச்சல் கரையில் மீன்கூடை சுமந்த தாய்மாரின் உடையே அரசாங்கத்துக்கு அளவுகோலாயிற்று. முகத்தில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதை துணியின் நெசவு வரை இறங்கி வந்திருந்தது. அதே ஆண்டு நவம்பர் 24-இல் லண்டனில் வெளியாயிற்று டார்வினின் நூல். உயிர்கள் அனைத்தும் ஒரு மரத்தின் கிளைகள் என்றது அது.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். அப்பெண்களுக்காக வாதாடிய நாகர்கோவில் மீட் பாதிரியார் போன்றோர் டார்வினைக் கற்றவர் அல்லர். ஆதாம் ஏவாளை நம்பியவர். மாந்தர் யாவரும் ஒரு தாய் தந்தை வழியினர் என்ற அவர்களது கதை தவறு. கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட முடிவு மனுவின் முடிவைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மதமும் விஞ்ஞானமும் சமரசமாகிவிட்டன என்கிறார்களே, அச்சமரசத்தில் விட்டுக்கொடுத்தவர் யார்? 1544-இன் இறுதியில் சவேரியார் இக்கரையோரத்தில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குமேல் ஞானமுழுக்குக் கொடுத்தார். அதற்கு ஓராண்டு முன்புதான் கோப்பர்னிக்கஸின் நூல் அச்சேறியிருந்தது. அவ்வழி நின்ற கலிலியோவுக்கு 1633-இல் தண்டனை. தவறு நேர்ந்ததென்று ரோமாபுரி ஒப்பியது 1992-இல். பரிணாமத்தைத் திருச்சபையோடு பொருத்திக் காட்டி 1896-இல் நூல் எழுதிய சாம் பாதிரியாரின் வாய் சில ஆண்டுகளில் அடைக்கப்பட்டது. 1950-இல் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தை ஆராயலாம், ஆனால் ஆன்மா கடவுள் நேரே படைப்பது என்றார். 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் ஊகத்துக்கும் மேற்பட்டது என ஏற்றார். நகர்ந்தது ஒரு பக்கம்தான். எனினும் நகர்ந்ததே, அதுவும் நல்லதே!

விரிந்துவரும் பேரண்டத்தின் தொடக்கத்தைக் கணித்த லெமேத்ர் ஒரு பாதிரியார். 1951-இல் போப்பாண்டவர் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்ட முனைந்தபோது, முகம் சுளித்தவர் அவரே. என் கணக்கின்மீது உங்கள் மதத்தைக் கட்டாதீர் என்பதே அவர் நிலை. அவரை நாம் மதிக்கிறோம்.

அந்தக் கண்ணியம் நம் நாட்டு அவதாரவாதிகளிடம் இல்லை. மீன், ஆமை, பன்றி, நரசிங்கம், குள்ளன் எனத் தசாவதாரமே பரிணாமம் என்கிறார்கள். இதை 1877-இலேயே நூலில் ஏற்றியவர் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார். மீனின் வழிவழிச் சந்ததி மாறி ஆமையானதாக எந்தப் புராணம் கூறுகிறது? வேண்டும்போதெல்லாம் ஒரே விஷ்ணு வேடம் மாற்றி இறங்குவது பரிணாமமாகுமா? இவ்வாறு டார்வினுக்கு முன்னோடி என்று பெருமை பேசும் கூட்டத்திலிருந்தே, 2018-இல், ஒன்றியக் கல்வித்துறை இணை அமைச்சர் ஒருவர் எழுந்து, குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் எவரும் கண்டதில்லை, டார்வின் கொள்கை தவறு என்றார். நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் கூடி மறுத்தன.

2004 டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு. சுமத்ரா அருகே கடலடித் தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ்ச் சரிய, எழுந்த அலை இலங்கையையும் குமரிமுனையையும் வளைந்து வந்து மேற்கரையிலுள்ள குளச்சலையும் தாக்கியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஒரே குழியில் பலரைப் புதைக்க நேர்ந்தது. ஆண்டவன் கோபம் என்றனர் சிலர். முந்திய நாள் மண்டியிட்டுத் தொழுத மீனவன்மீதா கோபம்? பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சிலுவையைப் பற்றிக்கொண்டு அழுதால், அவளிடம் வாதாடும் ஈரமற்றவரல்லர் நாம். ஆயினும் நில நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையே மணிக்கணக்கில் அவகாசம் இருந்தது. சொல்வதற்குத்தான் இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடு இல்லை. ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் அமைந்தது 2007-இல். அந்நிலையத்தின் கருவிகள் தட்டுகளின் நகர்வை நம்பித்தான் இயங்குகின்றன. அத்தட்டுகளோ கோடிக்கணக்கான ஆண்டுகளாக நகர்பவை, கி.மு. 4004-இல் தொடங்கியவை அல்ல.

2023-இல் ஒன்றியத்தின் பாடநூல் நிறுவனம் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமத்தை நீக்கிற்று. பாடச்சுமை குறைப்பு என்றது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையொப்பமிட்டனர். தமிழ்நாட்டு அரசு 2019-இல் வெளியிட்ட பத்தாம் வகுப்பு நூலிலோ உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப்பாடம். குளச்சலில் மீனவர் வீட்டுச் சிறுமி வெள்ளியன்று பள்ளியில் அதனைப் படிப்பாள். ஞாயிறன்று கோயிலுக்கும் போவாள். மணவாளக்குறிச்சி மணலில் ஒரு பிடி அள்ளி வந்து இதன் வயதென்ன என்று அவள் கேட்கும்போது, 55 கோடி என்று அஞ்சாமல் சொல்லும் ஆசிரியர் ஒருவர் வகுப்பில் இருக்க வேண்டும். பாடமும் நூலில் இருக்க வேண்டும்.